கிடேரிக் கணக்கு

மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, வாஷிங்டனில் பிற்பகல் மூன்று மணிக்கு, அமெரிக்க வேளாண் துறையின் புள்ளியியல் பிரிவு மெல்லிய அறிக்கை ஒன்றை வெளியிடும். பின்னாளில் கைமாறும் மாட்டுக்கு இன்றே விலை பேசும் சிகாகோவின் முன்பேரச் சந்தை அன்றைய வியாபாரத்தை முடித்துக்கொண்ட பிறகுதான் அது வெளியே வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம் மாடுகளோ அதற்கு மேலோ அடைத்துக் கொழுக்கவைக்க இடமுள்ள தீவனப்பட்டிகளில் இந்த மாதம் ஒன்றாம் தேதி எத்தனை மாடுகள் நின்றன, போன மாதம் எத்தனை புதிதாக உள்ளே வந்தன, எத்தனை அறுப்புக்குப் போயின. சாரம் இந்த மூன்று எண்கள்தான். இவற்றுக்காக நெப்ராஸ்காவின் பண்ணையாளரும் சிகாகோவின் தரகரும் ஓட்டல் சங்கிலிக்கு இறைச்சி வாங்கும் அதிகாரியும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எண்ணிக்கை அறிக்கைக்கு இவ்வளவு நேரக் கட்டுப்பாடு எதற்கு? 1905-இல் நடந்த ஒரு கூத்துதான் தொடக்கம். வேளாண் துறையின் புள்ளியியலாளர் எட்வின் ஹோம்ஸ், பருத்தி விளைச்சல் மதிப்பீட்டை வெளியிடுவதற்கு முன்பே தரகர்களுக்குக் கசியவிட்டார். அலுவலக ஜன்னலின் திரைச்சீலையை முன்பே பேசிவைத்த உயரத்துக்கு இறக்குவார். தெருவில் நிற்பவன் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அன்றுமுதல் சந்தையை அசைக்கக்கூடிய மதிப்பீடுகளைப் பூட்டிய அறைக்குள் வைத்துத் தயாரிக்கும் வழக்கம் வேரூன்றியது.

மாட்டு எண்ணிக்கையைப் புதிதாகப் பார்ப்பவர், பூட்டில்லாமல் திறந்து கொடுத்தாலும் அதைத் தலைகீழாகப் படித்துவிடக்கூடும். மாடு பெருகினால் இறைச்சி பெருகும், மாடு குறைந்தால் இறைச்சி குறையும் என்றுதானே நினைப்போம்? 2022-இல் அமெரிக்காவின் மாட்டு மந்தை வேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில்தான் அந்நாடு அதுவரை இல்லாத அளவுக்கு, ஏறத்தாழ 128 லட்சம் டன் மாட்டிறைச்சியை உற்பத்தி செய்தது. 2015-இல் மந்தை வளர்ந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு உற்பத்தியோ சுமார் 107 லட்சம் டன். 1993-க்குப் பிறகு அவ்வளவு குறைந்தது அப்போதுதான். இந்த முரணுக்கான விடை அறிக்கையின் ஓரத்தில் இருக்கிறது. அதற்குமுன் பட்டிக்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

டெக்ஸாஸின் வட கோடி, கான்சாஸின் மேற்குப் பகுதி, நெப்ராஸ்கா ஆகியவைதான் அமெரிக்கத் தீவனப்பட்டிகளின் மையம். டெக்ஸாஸில் ஹியர்ஃபோர்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர்ப் பெயரே ஒரு மாட்டினத்தின் பெயர். இந்தப் பகுதி வறண்ட சமவெளி. அடியில் ஓகலாலா என்ற பிரம்மாண்டமான நிலத்தடி நீர்த்தேக்கம். அதை இறைத்து விளைவிக்கும் மக்காச்சோளம் பக்கத்திலேயே கிடைக்கிறது. சேறு குறைவு. பட்டி என்றதும் நம் ஊர் ஆட்டுப்பட்டி நினைவுக்கு வந்தால், அதைச் சில ஆயிரம் மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் ஐம்பதாயிரம், லட்சம் என்று மாடுகள் நிற்கும். கம்பி வேலிக்கு வெளியே நீளமாகக் கான்கிரீட் காடி ஓடும்; லாரி ஊர்ந்தபடியே அதில் தீவனத்தைக் கொட்டிக்கொண்டு போகும்.

பட்டிக்கு வரும்போது மாட்டின் எடை ஏறக்குறைய 320 முதல் 360 கிலோ. ஆறேழு மாதம் கழித்துக் கிளம்பும்போது 650 கிலோவை நெருங்கும் அல்லது தாண்டும். நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சதை போடுகிறது என்று அர்த்தம். ஒரு கிலோ ஏறுவதற்கு உத்தேசமாக ஆறு கிலோ தீவனம் செல்லும். அந்தத் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அதை ஆவியில் வேகவைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கி, அவலைப் போல ஆக்கிக் கொடுப்பார்கள். முழுத் தானியமாகக் கொடுத்தால் ஒரு பகுதி செரிக்காமலேயே சாணத்தோடு போய்விடும்.

இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மாட்டின் முதல் இரைப்பை புல்லுக்கென்று அமைந்தது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை மெதுவாக உடைத்து அமிலங்களாக்க, மாடு அந்த அமிலங்களை உறிஞ்சி உயிர்வாழ்கிறது. புல்வெளியிலிருந்து வந்த மாட்டுக்குத் திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால், மாவை விரும்பும் பாக்டீரியாக்கள் ஒரே பகலில் பல்கிப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் குவித்துவிடும். இரைப்பை புளித்துப்போகும், மாடு தீனியை விடும், சில சமயம் சாகும். ஆகவே முதல் மூன்று வாரம், வைக்கோலும் உலர்புல்லும் மிகுந்த கலவையில் தொடங்கிப் படிப்படியாகத் தானியத்தை ஏற்றுவார்கள். மாட்டுக்குத் தீனி போடுவதைவிட, அதன் வயிற்றிலிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குத் தொழிலை மாற்றிக் கற்றுக்கொடுப்பதுதான் அங்கே நடக்கும் வேலை.

விடியற்காலையில் காடியைப் பார்த்துக்கொண்டு போவதற்கென்றே பட்டிகளில் ஓர் ஆள் உண்டு. நேற்றுப் போட்டதில் எவ்வளவு மிச்சம்? மொத்தமாக நக்கித் துடைத்திருந்தால் பசியோடு இருக்கின்றன. இன்றைக்குக் கொஞ்சம் கூட்டலாம், அதிகம் கூட்டினால் ஆபத்து. நிறைய மிஞ்சியிருந்தால் ஏதோ சரியில்லை. பல கோடி டாலர் புரளும் தொழிலில், காலைப் பனியில் காலித் தொட்டியைப் பார்க்கும் ஒரு மனிதரின் கண்ணுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். தீவனப்பட்டி என்பது கல்யாணப் பந்தி மாதிரி. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் புதிதாக இலைக்கு வந்தார்கள், எத்தனை பேர் கை கழுவப் போனார்கள் என்பதைத்தான் அறிக்கை சொல்கிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பந்தியில் சுமார் 120 லட்சம் மாடுகள். அந்த மாதம் 16.4 லட்சம் வந்தன, 17.4 லட்சம் அறுப்புக்குப் போயின. செத்தவை, மேய்ச்சலுக்குத் திரும்பியவை என்று அறுபதாயிரத்தை ஒட்டிக் கழிந்தன. 2025 ஜனவரி 1-ஆம் தேதி நின்றவை சுமார் 118 லட்சம். பலசரக்குக் கடைக்காரரின் சரக்குக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

சூட்சுமம் வேறு இடத்தில். பந்தியில் ஆள் நிறைந்திருக்கிறது என்பதற்காகக் கல்யாணத்துக்குக் கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட முடியுமா? வந்தவர்கள் எழுந்திருக்காமல் பாயசத்துக்கு மேல் பாயசம் கேட்டு உட்கார்ந்திருக்கலாம். நிற்கும் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கியது. 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் நிறுவிய இந்த விதி வங்கி வரிசைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் ஒருபோலப் பொருந்தும். கன்றுகள் அரிதாகி, அடுத்த மாட்டை வாங்கும் விலை ஏறும்போது, கையிலிருக்கும் மாட்டை விரட்டப் பட்டிக்காரருக்கு மனம் வராது. இன்னும் இரண்டு வாரம், இன்னும் முப்பது கிலோ என்று தீவனம் போடுவார். வரவு குறைந்துகொண்டே போனாலும் பட்டி நிரம்பியே தெரியும். அண்மை ஆண்டுகளில் பலரை ஏமாற்றியது இதுதான். மந்தை வற்றியும் பந்தி ஏன் காலியாகவில்லை என்று கேட்டார்கள். இலையில் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு பொறி நாள்காட்டி. இந்த மார்ச்சில் போன மார்ச்சைவிட அறுப்பு நான்கு சதவீதம் குறைவு என்று பதறினால், பல சமயம் இந்த மார்ச்சில் ஒரு வேலைநாள் குறைவாக இருந்திருக்கும். பருவமும் உண்டு. அமெரிக்கப் பண்ணைகளில் பெருவாரியான கன்றுகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிறந்து, புல் காயும் அக்டோபரில் பால்குடி மறந்து பிரிகின்றன. அதனால் இலையுதிர்காலத்தில் பட்டி வரவு உச்சம் தொடும். அறுப்பின் உச்சம் மே, ஜூன். வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டும் பருவம் அது. எனவே ஒரு மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் பருவம்தான் தெரியும். போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் போக்கு தெரியும். உள்ளே வந்த மாடுகளின் எடைப் பிரிவையும் அறிக்கை தருகிறது. இளைத்த கன்றாக வந்தால் அறுப்புக்கு எட்டு மாதம் ஆகலாம், கொழுத்து வந்தால் ஐந்து மாதம். இன்றைய வரவைப் பார்த்து அடுத்த கோடையின் விலையைக் கணிக்கும் வித்தை இந்தப் பிரிவை வைத்துத்தான் நடக்கிறது.

அந்தக் கணிப்பை வியாபாரமாக்கியது சிகாகோ மெர்கன்டைல் எக்ஸ்சேஞ்ச். 1964 நவம்பர் 30-ஆம் தேதி அங்கே உயிர்மாட்டு முன்பேர ஒப்பந்தம் தொடங்கியது. கோதுமையைக் கிடங்கில் போடலாம், வெண்ணெயைக் குளிரறையில் வைக்கலாம். நிற்கிற மாடு தின்றுகொண்டே, வளர்ந்துகொண்டே, செலவு வைத்துக்கொண்டே இருக்கும். இதற்கும் முன்பேரமா என்று அன்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. உயிருள்ள விலங்குக்கு அதற்கு முன் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்ததில்லை.

இப்போது அறிக்கையின் ஓரத்துக்கு வருவோம். ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் அறிக்கைகளில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கும். பட்டியில் நிற்பவற்றில் காயடித்த காளைகள் எத்தனை, கிடேரிகள் எத்தனை? என்னைக் கேட்டால், மற்ற எல்லா வரிகளையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் படித்தாலே போதும்.

காயடித்த காளைக்கு ஒரே வழிதான். கிடேரிக்கு இரண்டு. அது பட்டிக்குப் போய் இறைச்சியாகலாம். பண்ணையில் தங்கிச் சினையாகித் தாயாகலாம். ஒரே உயிர் சரக்காகவும் இருக்கிறது, சரக்கு செய்யும் இயந்திரமாகவும் இருக்கிறது. வறட்சி வந்து புல் கருகினால் பண்ணையாளர் கிடேரிகளை விற்கிறார், ஈற்று ஓய்ந்த பசுக்களை அடிமாடாக அனுப்புகிறார். மந்தை சுருங்குகிறது, சுருங்கும் அந்தச் செயலே இறைச்சியாகச் சந்தையில் குவிகிறது. 2022-இன் சாதனை அப்படி வந்தது. அது விளைச்சல் கணக்கில் பதிவான விதைநெல். பிறகு மழை பெய்து, விலை ஏறி, மந்தையைப் பெருக்கலாம் என்று தோன்றியதும் கிடேரிகள் பட்டிக்குப் போகாமல் பண்ணையில் நின்றுவிடுகின்றன. ஏற்கெனவே குறைந்த வரவு இன்னும் குறைகிறது. 2014, 2015-இல் நடந்தது அது.

விலை ஏறினால் விற்பனைக்கு வரும் சரக்கு கூடும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. மாட்டு விஷயத்தில், குறுகிய காலத்துக்காவது, அது திருப்பிப் போடப்படுகிறது. லவெல் ஜார்விஸ் என்ற பொருளியலாளர் அர்ஜென்டினாவின் மாட்டுத் தொழிலை ஆராய்ந்து 1974-இல் இதை எழுதிக் காட்டினார். பண்ணையாளரை அவர் முதலீட்டாளராகப் பார்த்தார். விலை ஏறும்போது கிடேரி என்ற முதலீட்டின் மதிப்பும் ஏறுகிறது, ஆகவே விற்காமல் வைத்துக்கொள்கிறார். எல்லாரும் அப்படி வைத்துக்கொண்டால் விலை இன்னும் ஏறுகிறது. சில ஆண்டுகள் கழித்து அத்தனை கிடேரிகளின் கன்றுகளும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை சரிய, கதை திரும்புகிறது. ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை எழுந்து விழும் இந்த அலையை அமெரிக்கர்கள் பல தலைமுறைகளாகப் பார்த்துவருகிறார்கள். தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். சின்ன வெங்காயமோ தக்காளியோ போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே ஒரு பருவத்தில் முடிவது இங்கே பத்தாண்டு எடுக்கிறது.

இவ்வளவு நீண்ட அலைக்குக் காரணம் கருப்பை. பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள், பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே கன்று. பன்றி நான்கு மாதத்துக்குள் பத்துக்கு மேல் போட்டுவிடும். கோழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே கோழி விலை ஏறினால் சில மாதங்களில் கோழிகளைப் பெருக்கிவிடலாம். மாட்டை அவசரப்படுத்த இதுவரை எந்த உபாயமும் கிடைக்கவில்லை.

அவசரப்படுத்த முடியாவிட்டாலும் பெரிதாக்க முடிந்தது. 1975-இல் அமெரிக்காவில் 13.2 கோடி மாடுகள் இருந்தன, வரலாற்று உச்சம். 2025 ஜனவரியில் 8.67 கோடி, 1951-க்குப் பிறகு மிகக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு மாடு காணாமல் போயிருக்கிறது. இறைச்சியோ 1975-இல் சுமார் 108 லட்சம் டன்னாக இருந்தது, 2024-இல் 122 லட்சம் டன். அன்று அறுத்த மாட்டின் சராசரி இறைச்சி உடல் எடை 265 கிலோவுக்குள். இன்று 380-ஐத் தாண்டுகிறது. பட்டியில் கொழுத்த காளையென்றால் 400-க்கு மேல். ஐரோப்பாவிலிருந்து வந்த பெருத்த இனங்களின் கலப்பு, தேர்ந்தெடுத்த விந்து, தீவன அறிவு, வளர்ச்சி ஹார்மோன், கூடுதல் நாள் தீவனம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. தலைகளை மட்டும் எண்ணுகிறவருக்கு இது தெரியாது.

பட்டியின் வாசலும் குறுகியது. டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய நான்கு நிறுவனங்கள்தான் பட்டி மாடுகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தை அறுக்கின்றன. 2019 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கான்சாஸின் ஹோல்கம் ஊரில் டைசன் ஆலை ஒன்று தீப்பற்றியது. நாட்டின் அறுப்புத் திறனில் ஐந்தாறு சதவீதம் ஒரே இரவில் நின்றது. அதன்பின் மாட்டு விலை விழுந்தது, இறைச்சி விலை ஏறியது. மாடு வைத்திருந்தவர் விற்க முடியாமலும், இறைச்சி வாங்குபவர் கிடைக்காமலும் ஒரே வாரத்தில் தவித்தார்கள். 2020 ஏப்ரலில் கொரோனா ஆலைகளை மூடியபோது இது பல மடங்காக நடந்தது. பட்டிக்காரர்கள் தானியத்தைக் குறைத்து வைக்கோலைக் கூட்டி, மாடு கொழுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பந்தியில் பரிமாறுவதை வேண்டுமென்றே மெதுவாக்கியது போல.

இப்போது நிலைமை எதிர்ப்பக்கம். ஆலை இருக்கிறது, மாடு இல்லை. மெக்சிகோவிலிருந்து வழக்கமாக ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் இளமாடுகள் எல்லை தாண்டி வரும். உயிருள்ள விலங்கின் புண்ணில் முட்டையிட்டு, சதையைத் தின்னும் புழுக்களைப் பெருக்கும் திருகுப்புழு ஈ வடக்கே நகர்ந்ததால், 2024 நவம்பரில் எல்லை மூடப்பட்டு, 2025 பிப்ரவரியில் திறந்து, மே மாதம் மறுபடி மூடப்பட்டது. 2025 நவம்பரில், நெப்ராஸ்காவின் லெக்சிங்டனில் நாளொன்றுக்குச் சுமார் 5,000 மாடுகளை அறுக்கும் ஆலையை மூடப்போவதாக டைசன் அறிவித்தது.

சாதாரண வீட்டுக்கு இது அரைத்த இறைச்சியின் விலையாக வந்து சேர்கிறது. ஹாம்பர்கருக்கான அரைத்த இறைச்சி இரண்டு வகை மாடுகளின் கூட்டு. பட்டியில் கொழுத்த மாட்டின் கொழுப்புத் துண்டுகள் ஒரு பங்கு. கொழுப்பற்ற இன்னொரு பங்கு, பெரும்பாலும் அடிமாடாக வந்த பசுவின் இறைச்சி. மந்தையைக் காப்பாற்றப் பசுக்களைப் பிடித்து வைத்துக்கொண்டால் அந்தக் கொழுப்பற்ற பங்கு கிடைக்காது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கொழுப்பற்ற இறைச்சி கப்பலேறி வருவது இந்தக் கலவைக்காகத்தான். 2024-இல் அமெரிக்காவின் மாட்டிறைச்சி இறக்குமதி முந்தைய எல்லா அளவையும் தாண்டியது. அப்படியும் அரைத்த இறைச்சியின் சராசரிச் சில்லறை விலை 2025-இல் முதன்முறையாகப் பவுண்டுக்கு ஆறு டாலரைக் கடந்தது. ஏழையின் இறைச்சி என்று நினைத்த பண்டத்தின் விலை, பசுவை விற்கலாமா வேண்டாமா என்ற பண்ணையாளரின் தயக்கத்தில் தொங்குகிறது.

2023 அக்டோபரில் பட்டி மாடுகளில் கிடேரிகளின் பங்கு 40 சதவீதத்தை ஒட்டியிருந்தது. விதைநெல்லைக் குத்திக்கொண்டிருந்த காலம். 2025 ஜூலையில் அது சுமார் 38. மந்தையை உண்மையாகவே பெருக்கிய 2015, 2016-இல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியிருந்தது. ஆகவே ஜூலையில் தெரிந்தது தொடக்கம் என்றுகூடச் சொல்ல முடியாத சின்ன அசைவு.

2025 வசந்தத்தில் பிறந்த ஒரு கிடேரிக் கன்றை, அக்டோபரில் நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்காமல் ஒரு பண்ணையாளர் நிறுத்திக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய அறிக்கையில் வரவு ஒன்று குறையும். 2026 கோடையில் அது காளை சேரும். 2027 வசந்தத்தில் கன்று போடும். அந்தக் கன்று இலையுதிர்காலத்தில் பால் மறந்து, குளிர்காலத்தை மேய்ச்சலில் கழித்து, 2028-இல் ஏதோ ஒரு மாதத்து அறிக்கையில் உள்ளே வந்தவற்றில் ஒன்றாகும். அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியே போனவற்றில் ஒன்றாகும். அதுவும் காளைக் கன்றாக இருந்தால்தான். கிடேரியாகப் பிறந்துவிட்டால், 2027 அக்டோபரில் வேலியோரம் நின்று பண்ணையாளர் மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கும்.